ராட்டினத்தில் குமட்டல், இறங்கியதும் தலைவலி: எதற்கு என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 36. பிள்ளைகளோடு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனால், சுற்றும் கோப்பையில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே குமட்டுகிறது. ரோலர் கோஸ்டரில் குமட்டல் இல்லை. ஆனால் இறங்கியபின் ஆரம்பிக்கும் தலைவலி மறுநாள் காலைவரை விடுவதில்லை. வெறும் வயிற்றோடு போகச் சொல்கிறார்கள். போன முறை வாந்தி மாத்திரை போட்டும் பலனில்லை. ஏழு வயது மகனுக்கும் இதே குமட்டல்தான். ராட்டினமே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவதா?

பதில்: ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் சொல்வது ஒரு தொல்லை அல்ல, இரண்டு. குமட்டல் உள்காதில் தொடங்குவது. தலைவலி பெரும்பாலும் கழுத்தில், தண்ணீர்க் குறைவில், வெயிலில் தொடங்குவது. ஒன்றுக்கான மருந்து மற்றதைத் தொடாது. மாத்திரையைவிட எதில், எந்த வரிசையில், தலையை எப்படி வைத்துக்கொண்டு ஏறுகிறீர்கள் என்பதுதான் அதிகம் உதவும்.

முதலில் குமட்டல். ஒவ்வொரு காதுக்குள்ளும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றுக்குள் இருக்கும் திரவம் கொஞ்சம் பின்தங்கும். அந்தப் பின்தங்கலைத்தான் 'சுற்றுகிறோம்' என்று மூளை படித்துக்கொள்கிறது. ஒரே வேகத்தில் சுமார் 20 வினாடி சுற்றினால் திரவமும் உடம்போடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும், சுற்றும் உணர்வு மங்கிவிடும். கண்ணோ இன்னும் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ராட்டினம் நின்றதும் திரவம் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதால் எதிர்ப்பக்கம் சுற்றுவது போலிருக்கும். கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று முரணான சேதி அனுப்புகிற இந்த நேரத்தில்தான் வயிறு புரட்டுகிறது.

சுற்றும் கோப்பையில் இது இரட்டிப்பு. மேடை ஒரு பக்கம் சுற்ற, கோப்பை தன் அச்சில் தனியாகச் சுற்றுகிறது. அந்த நேரத்தில் கீழே விழுந்த செருப்பை எடுக்கக் குனிந்தாலோ, பக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கத் தலையைத் திருப்பினாலோ, சுற்றிக்கொண்டிருக்கும் குழாய்களை இன்னொரு தளத்துக்குச் சாய்க்கிறீர்கள். குமட்டலை மிகப் பலமாகத் தூண்டும் அசைவுகளில் இது ஒன்று. விமானிகளையும் விண்வெளி வீரர்களையும் சோதிக்கும் ஆய்வகங்களில் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, தலையை இப்படிச் சாய்க்கச் சொல்லித்தான் குமட்டலை வரவழைக்கிறார்கள்.

ஆகவே கோப்பையில் ஏறினால் நடுவிலிருக்கும் சக்கரத்தை நீங்கள் சுழற்றாதீர்கள், பிள்ளைகளையும் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். முதுகும் பின்தலையும் சாய்மானத்தில் பதிந்திருக்கட்டும். பார்வை அந்தச் சக்கரத்தின் மேலோ எதிரே இருப்பவர் முகத்தின் மேலோ நிற்கட்டும். வெளியே ஓடுகிற கூட்டத்தைப் பார்க்கக் கூடாது. எடை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் தானாகச் சுழல்கிற வகை வண்டிகளும் உண்டு. அவற்றில் பெரியவர்கள் இருவரும் ஒரே ஓரத்தில் உட்கார்ந்தால் சுழற்சி தாறுமாறாக ஏறிவிடும். எடையைப் பரப்பி உட்காருங்கள்.

ரோலர் கோஸ்டரில் உங்களுக்குக் குமட்டாததற்கும் காரணம் உண்டு. ஓட்டம் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, குலுக்கல் வேகமானது, எதிரே வரும் தண்டவாளம் கண்ணுக்குத் தெரிகிறது. வயிற்றைக் கலக்குவது மெதுவான ஆட்டம்தான். ஐந்து வினாடிக்கு ஒரு முறை ஏறி இறங்குகிற அசைவுதான் மனிதருக்கு மிக அதிகமாகக் குமட்டல் தருவது என்று அளந்தே கண்டிருக்கிறார்கள். கடல் பயணத்தில் வாந்தி வருவதும் ஏறக்குறைய இந்தக் கதியில்தான். கொலம்பஸ் என்று நாம் சொல்லும் ஆடும் கப்பலின் கை நீளம் 10 மீட்டர் என்றால், ஒரு முழு ஆட்டத்துக்கு ஆறு வினாடிக்கு மேல் ஆகும். பார்க்கச் சாதுவாக இருக்கும் கப்பலில் பலர் பச்சை முகத்தோடு இறங்குவது இதனால்தான். அதில் ஏறுவதானால் நடு வரிசை; ஓர வரிசையில் உயரமும் அதிகம், வயிறு தூக்கிப் போடுவதும் அதிகம்.

கண்ணை மூடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ராட்டினத்தைப் பொறுத்தது அது. கோஸ்டரில் திறந்து வைத்து, அடுத்த வளைவைப் பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று தெரிந்தால் மூளையும் கழுத்தும் முன்கூட்டியே தயாராகும். திரையில் காட்சி ஓட நாற்காலி மட்டும் ஆடுகிற சிமுலேட்டரில் நிலைமை நேர்மாறு. அங்கே கண்தான் குற்றவாளி, தாங்காதபோது மூடிவிடுங்கள். தலையில் மாட்டும் விஆர் கண்ணாடியோடு ஓடும் ராட்டினம் உங்களைப் போன்றவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

குமட்டல் சேமிப்பாகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. முதல் ராட்டினத்தில் கால்பங்கு சேர்ந்தது அடுத்ததில் அரைப்பங்காகி, மூன்றாவதில் வாந்தியாக வெளியே வரும். பழி மூன்றாவதன் மேல் விழும். சுற்றுகிற ராட்டினங்கள் இரண்டில் அடுத்தடுத்து ஏறாதீர்கள். நடுவே அரைமணி நேரமாவது விடுங்கள், அந்த நேரத்தில் போனைப் பார்க்காமல் நிழலில் உட்காருங்கள். காரணமில்லாமல் கொட்டாவி, ஏப்பம், வாயில் எச்சில் ஊறுவது, நெற்றியில் சில்லென்ற வியர்வை, முகம் வெளிறுவது ஆகியவைதான் எச்சரிக்கை மணி. வயிறு புரளும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது கொட்டாவியிலேயே நிறுத்தினால் அரைமணியில் சரியாகும். அதைத் தாண்டினால் பாதி நாள் போய்விடும். குமட்டல் தொடங்கிவிட்டால் தலையைப் பின்னால் எதன்மேலாவது பதித்து அசையாமல் உட்கார்ந்து, தூரத்தில் அசையாத ஒரு பொருளைப் பார்த்தபடி, நிதானமாக மூச்சை இழுத்து அதைவிட நிதானமாக விடுங்கள். முகத்தில் காற்று படட்டும்.

வெறும் வயிறு யோசனை தவறு. பசித்த வயிறும் குமட்டும், பசி தலைவலியையும் கொண்டுவரும். எண்ணெய், காரம் குறைந்த மாவுச்சத்து உணவை அரை வயிற்றுக்குச் சாப்பிட்டு, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கழித்து ஏறுங்கள். மது முந்தைய இரவே கூடாது. உள்காதுக்குள் இருக்கும் உணர்வு உறுப்பின் அடர்த்தியை அது மாற்றிவிடும், போதை தெளிந்த பிறகும் சில மணி நேரம் அந்த விளைவு நிற்கும்.

மாத்திரை ஏன் பலிக்கவில்லை? எதைப் போட்டீர்கள் என்று எழுதவில்லை. சாதாரண வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், ஒன்டான்செட்ரான் ஆகியவை பயணக் குமட்டலில் அதிகம் உதவாது. உள்காதிலிருந்து வரும் தூண்டலை அடக்குவது வேறு வகை மருந்துகள்: டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின், சின்னரிசின். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு, டைமென்ஹைட்ரினேட் 50 மில்லிகிராம் ஏறுவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. மெக்லிசின் 25 மில்லிகிராம் ஒரு மணி நேரம் முன்பு. சின்னரிசின் 30 மில்லிகிராம் இரண்டு மணி நேரம் முன்பு. மூன்றில் ஒன்றுதான். குமட்டல் வந்தபின் போட்டால் வயிறு அதை உள்ளே அனுப்பவே தாமதிக்கும். அநேகமாக உங்களுக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம். எல்லாமே தூக்கம் தரும் என்பதால், முதல் முறை வீட்டில் ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பாருங்கள். போட்ட நாளில் வண்டி ஓட்டக் கூடாது. கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், கர்ப்பம், வேறு தூக்க மருந்துகள் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இஞ்சி சிலருக்கு உதவுகிறது, கெடுதல் இல்லை. குமட்டலைத் தடுக்கும் என்று மணிக்கட்டில் அழுத்திக் கட்டும் பட்டைக்கு ஆதாரம் வலுவாக இல்லை.

இனி தலைவலி. எங்கே வலிக்கிறது என்பதே பாதி விடை.

பிடரியில் தொடங்கி மேலே ஏறுகிற வலி என்றால் கழுத்துத் தசை. பெரியவர் ஒருவரின் தலை சுமார் 5 கிலோ. பள்ளத்தின் அடியில் 4 ஜி விசை, அதாவது புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு, தாக்கும் நொடியில் கழுத்து தாங்குவது 20 கிலோ. தலை முன்னே தொங்கிக்கொண்டிருக்கையில் அது வந்தால் சுளுக்குத்தான். பின்தலையைச் சாய்மானத்தில் அழுத்தி, முகவாயைச் சற்றே உள்ளிழுத்து, கம்பியைக் கையால் பிடித்து, குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசத் திரும்புவதும், புகைப்படக் கருவியைத் தேடுவதும் வேண்டாம். தோள்வழியாக இறங்கும் தடுப்பு உள்ள கோஸ்டர்களில், உயரம் குறைந்தவர்களுக்கு அதன் பட்டை சரியாகக் காதுமட்டத்தில் வந்து நிற்கும்; ஒவ்வொரு வளைவிலும் தலை இடமும் வலமும் மோதும். காதணியைக் கழற்றாமல் ஏறியவர்களுக்கு இது உடனே புரியும். இடுப்புக் கம்பி மட்டும் உள்ள வண்டி கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

இருக்கையும் முக்கியம். கடைசிப் பெட்டி மேட்டைத் தாண்டும்போது முன்பெட்டிகள் இழுக்கிற வேகத்தில் சொடுக்கப்படும். நடுப் பெட்டி மென்மை. அந்தப் பெட்டியிலும் சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள வரிசை அதிகம் அதிரும். கோஸ்டர் வண்டி ஏறுமிடத்துக்குள் வரும்போதே சக்கரம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு அடுத்த வரிசையில் நில்லுங்கள். பழைய மரக் கோஸ்டர்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இரண்டு பொட்டிலும் வலி, மெல்லும்போது தாடை நோவு என்றால் பயத்தில் பல்லைக் கடித்திருக்கிறீர்கள். நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் கடிப்பது குறையும். கத்துவதும் நல்லதே, மூச்சு அடைபடாது. இறுக்கமான தொப்பி, கண்ணாடிப் பட்டை, உயரக் கட்டிய கொண்டை இவையும் இந்த இடத்தைத்தான் பிடிக்கும்.

தலை முழுக்க மந்தமான வலி, சிறுநீர் அடர் மஞ்சள் என்றால் ராட்டினத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஒரு மணி நேரம் வெயில் வரிசையில் நின்றதன் பலன். 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை 150-200 மில்லி தண்ணீர் குடியுங்கள். தினமும் காலையில் காபி குடிப்பவர் அன்றைக்கு மட்டும் தவிர்த்தால் அதுவே மதியத்துக்குத் தலைவலியாகும்.

ஒரு பக்கமாகத் துடிப்பது, வெளிச்சமும் சத்தமும் தாங்காதது என்றால் ஒற்றைத் தலைவலி. மறுநாள்வரை நீடிக்கிறது என்பதால் உங்களுக்கு இதை நான் முக்கியமாகச் சந்தேகிக்கிறேன். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குப் பயணக் குமட்டலும் மற்றவர்களைவிட அதிகம். இரண்டு தொல்லைக்கும் அடியில் ஒரே இயல்பு இருக்கக்கூடும். பூங்கா இல்லாத நாட்களிலும் இப்படி வருகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலி வந்துவிட்டால் பாராசிட்டமால் 500 முதல் 1000 மில்லிகிராம் போதும். நான்கு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் கூடாது, கல்லீரல் கோளாறு இருந்தால் அதுவும் குறைவாக. தலை பலமாக மோதியிருந்தால் ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் தொடாதீர்கள், உள்ளே கசிவு இருந்தால் அவை அதைக் கூட்டும். வலி வராமலிருக்க முன்கூட்டியே மாத்திரை போட்டு ஏறுவதும் சரியல்ல; கழுத்து 'போதும்' என்று சொல்வது கேட்காமல் போகும்.

அரிதாக நடப்பது என்றாலும் தெரிந்திருக்க வேண்டியது: கோஸ்டர் குலுக்கலுக்குப் பின் மூளையைச் சுற்றி ரத்தக் கசிவும், கழுத்து ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிவதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இடி விழுந்தது போலத் திடீரென வரும் தலைவலி, நாளுக்கு நாள் கூடும் தலைவலி, ஒரு பக்கக் கழுத்து வலியோடு இமை இறங்குவது, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், நிற்காத வாந்தி, குழப்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைதான். கசிவு மெதுவாக இருந்தால் சில வாரம் கழித்தும் தெரியலாம்; அப்போது மருத்துவரிடம் கோஸ்டரில் ஏறியதை மறக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கழுத்து எலும்பில் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் வேகமானவற்றில் ஏறவே கூடாது. படுக்கையில் புரளும்போது சில வினாடிகள் அறையே சுற்றினால் அது வேறு. உள்காதின் சுண்ணத் துகள் இடம் மாறியிருக்கும். காது மருத்துவர் தலையைச் சில நிலைகளில் திருப்பியே அதைச் சரிசெய்துவிடுவார்.

மகனைப் பற்றி. இரண்டு முதல் பன்னிரண்டு வயதுவரை பயணக் குமட்டல் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரக் குறைந்துவிடும். அவன் வயதில் டைமென்ஹைட்ரினேட் 25 மில்லிகிராம் வழக்கமான தொடக்க அளவு. எடையைப் பார்த்துக் குழந்தை மருத்துவர் முடிவு செய்யட்டும். சில பிள்ளைகள் இந்த மருந்தில் தூங்குவதற்குப் பதிலாகத் துள்ளுவார்கள். சளி பிடித்துக் காது அடைத்திருக்கும் நாளில் அவனை ஏற்ற வேண்டாம். வாந்தி எடுத்துவிட்டால் உடனே சாப்பிட வற்புறுத்தாமல் பத்து நிமிடம் கழித்து உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒவ்வொரு கரண்டியாகக் கொடுங்கள். 'பயந்தாங்கொள்ளி' என்று யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்கத்தில் கொட்டாவியை மறைக்கிற பிள்ளைதான் அடுத்த ராட்டினத்தில் வாந்தி எடுக்கும்.