பிஜி வொர்க் பெர்மிட்டை வைத்து ஆஸ்திரேலியா போக முடியுமா?

கேள்வி: என் மகன் டிப்ளமோ முடித்துவிட்டு ஆறு ஆண்டுகளாக ஏ.சி. மெக்கானிக்காக வேலை பார்க்கிறான். பிஜி நாட்டில் ஒரு ஹோட்டலில் வேலை இருப்பதாகத் திருச்சியில் ஓர் ஏஜென்ட் சொல்கிறார். பசிபிக் தீவு நாடுகள் எல்லாம் ஐரோப்பாவைப் போல ஒன்றாகச் சேர்ந்துவிட்டனவாம். ஓராண்டு பிஜியில் இருந்தால், பிறகு மற்ற தீவுகளுக்கும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கும் அதே பெர்மிட்டில் மாறிக்கொள்ளலாமாம். மொத்தம் ஏழு லட்சம், முன்பணம் இரண்டு லட்சம். நகையை அடகு வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆஃபர் லெட்டரின் நகலையும் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தித் துணுக்கையும் இணைத்திருக்கிறேன். நம்பலாமா?
— இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு தாயார்

பதில்: அம்மா, நகை இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். உங்கள் ஏஜென்ட் இரண்டு தனித்தனிச் சங்கதிகளை ஒரே மூட்டையாகக் கட்டி உங்களிடம் கொடுத்திருக்கிறார். பிஜியில் ஏ.சி. மெக்கானிக் வேலை இருக்கிறது என்பது உண்மையாக இருக்கக்கூடும். அந்த வேலையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு மாறலாம் என்பது பொய். வேலைக்கு மட்டுமென்றால் ஏழு லட்சம் கேட்க எந்த முகாந்திரமும் இல்லை என்பதால்தான் ஆஸ்திரேலியாவையும் சேர்த்து விற்கிறார்.

அவர் சொல்லும் கூட்டமைப்பு கற்பனையன்று. அதன் பெயர் பசிபிக் தீவுகள் மன்றம். அணுகுண்டுச் சோதனை போன்ற அரசியல் விவகாரங்களைக் காலனி வல்லரசுகளின் தலையீடில்லாமல் பேச ஓரிடம் வேண்டும் என்பதற்காக, 1971ஆம் ஆண்டு வெலிங்டனில் ஏழு நாடுகள் கூடித் தொடங்கியது. இன்று 18 உறுப்பினர்களுடன், பிஜியின் தலைநகரான சுவாவில் செயலகத்தை வைத்துக்கொண்டு இயங்குகிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதில் உறுப்பினர்கள் என்பதும் சரியே. ஏஜென்ட் பிடித்துக்கொண்டது இந்த ஒரு வரியைத்தான். ஆனால் காமன்வெல்த்தில் இந்தியாவும் இருக்கிறது, பிரிட்டனும் இருக்கிறது. அதைச் சொல்லி லண்டன் விமான நிலையத்தில் யாராவது விசா இல்லாமல் வெளியே வந்ததுண்டா? மன்றத்தின் தலைவர்கள் ஆண்டுக்கொருமுறை கூடி ஒருமித்த கருத்தில் அறிக்கை வெளியிடுவார்கள். அதற்குக் குடிவரவு அதிகாரிகள் கிடையாது, விசா முத்திரை கிடையாது. மன்றத்தின் பொதுச் செயலாளர் பதவி எந்தப் பகுதிக்கு என்ற சண்டையில் 2021ஆம் ஆண்டு மைக்ரோனீசியப் பகுதியின் ஐந்து நாடுகள் விலகப்போவதாக அறிவித்து, மறு ஆண்டு சுவாவில் சமரசம் எழுதிய பிறகும் அவற்றுள் ஒன்றான கிரிபாட்டி வெளியேறி, 2023இல்தான் திரும்பி வந்தது. அந்த நிலையில் உள்ள ஓர் அமைப்பு பொது பெர்மிட் வழங்குகிறது என்று சொல்பவருக்கு அந்த அமைப்பைப் பற்றி எதுவும் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

இந்த நாடுகள் உறுதியாக ஒன்றுபட்ட விஷயங்களும் இருக்கின்றன. நவ்ரு ஒப்பந்த நாடுகள் எனப்படும் எட்டு நாடுகள், தங்கள் கடலில் சூரை மீன் பிடிக்க வரும் அந்நியக் கப்பல்களுக்கு நாள் கணக்கில் உரிமம் விற்கின்றன. பெரிய சுருக்குவலைக் கப்பல் என்றால் ஒரு நாளுக்குக் குறைந்தது 8,000 அமெரிக்க டாலர் என்று தமக்குள் விலை வைத்து, அதற்குக் கீழே எவரும் இறங்குவதில்லை என்று கட்டுப்பாடும் வைத்திருக்கின்றன. ஆள் நடமாட்டத்தில் அந்த ஒற்றுமை இல்லை. துவாலு, நவ்ரு போன்றவை நம் ஊரில் ஒரு பேரூராட்சி அளவுக்கு மக்கள் வாழும் நாடுகள். கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவை அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. பிஜி, பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு ஆகியவை அங்கம் வகிக்கும் மெலனீசியக் குழு, 2012இல் தேர்ச்சி பெற்ற தொழிலாளர்கள் தமக்குள் மாறிப் பணிபுரிய ஒரு திட்டம் வகுத்தது. அதில்கூட ஒரு நாட்டுக்கு 400 பேர் என்றுதான் வரம்பு, அதுவும் அந்நாடுகளின் குடிமக்களுக்கு மட்டுமே. பிஜியில் வேலை பார்க்கும் இந்தியருக்கு அதில் இடமில்லை.

இனி அந்தச் செய்தித் துணுக்கு. "பசிபிக் மன்ற நாடுகளுக்கு நியூசிலாந்தில் விசா வேண்டாம்" என்ற தலைப்பு தெரியும்படியும், கீழே உள்ள விவரம் பாதியில் அறுந்திருக்கும்படியும் வெட்டி அனுப்பியிருக்கிறார். 2025ஆம் ஆண்டு நவம்பரில் நியூசிலாந்து சோதனை முறையில் கொண்டுவந்த சலுகை அது. மன்ற நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், ஆஸ்திரேலிய விசாவும் வைத்திருந்து, ஆஸ்திரேலியாவிலிருந்தே புறப்பட்டு வந்தால், அதிகபட்சம் மூன்று மாதம் சுற்றிப் பார்க்கலாம் என்பதே அதன் முழு உள்ளடக்கம். உங்கள் மகனிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். வேலை பார்க்கும் உரிமைக்கும் அந்தச் சலுகைக்கும் தொடர்பே இல்லை. வெட்டுப்பட்ட பாதியில்தான் இதெல்லாம் இருந்திருக்கும்.

பிஜியில் வேலை இருக்கக்கூடும் என்று நான் சொன்னதற்கும் காரணம் இந்த வட்டார ஏற்பாடுகள்தான். ஒன்பது பசிபிக் தீவு நாடுகளிலிருந்தும் கிழக்குத் திமோரிலிருந்தும் ஆஸ்திரேலியா 'பாம்' என்ற திட்டத்தின்கீழ் தொழிலாளர்களை எடுத்துக்கொள்கிறது. நியூசிலாந்து 2007 முதலே பழத்தோட்ட வேலைக்குப் பருவகாலத் தொழிலாளர்களை எடுக்கிறது. பிஜியின் எலெக்ட்ரீசியன்களும் சமையற்காரர்களும் செவிலியர்களும் அங்கே போய்விட, காலியான இடங்களுக்கு பிஜி முதலாளிகள் வங்கதேசத்திலும் பிலிப்பைன்ஸிலும் நம் நாட்டிலும் ஆள் தேடுகிறார்கள். ஆக, பிஜிக்காரருக்காகத் திறந்த கதவினால் உண்டான காலியிடத்துக்குத்தான் உங்கள் மகனைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கதவு வழியாக அவர் போக முடியாது, ஏனென்றால் 'பாம்' அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கானது. பிஜிக் குடியுரிமை வாங்கிக்கொள்ளலாமே என்று ஏஜென்ட் அடுத்துச் சொல்வார். அதற்கு பத்தாண்டுக் காலத்துக்குள் ஐந்தாண்டுகளாவது அங்கே சட்டப்படி வசித்திருக்க வேண்டும். கிடைத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும், நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

விதிவிலக்கே இல்லையா என்று கேட்பீர்கள். ஒன்று இருக்கிறது, அதையும் இப்போது விற்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 2024 முதல் ஆஸ்திரேலியா ஒரு குலுக்கல் முறை நிரந்தர விசா வைத்திருக்கிறது. குடும்பத்தினரையும் சேர்த்து ஆண்டுக்கு 3,000 பேர் வரை, பிஜியும் அதில் பங்கேற்கும் நாடு. விண்ணப்பிப்பவர் 18 முதல் 45 வயதுக்குள் இருக்க வேண்டும், பங்கேற்கும் நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும், அதோடு அவரோ அவருடைய பெற்றோரில் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை காசு கொடுத்தோ காலம் கழித்தோ குடியுரிமை பெற்றவர்களைத் தடுப்பதற்கென்றே எழுதப்பட்டது. ஆனால் தேர்வானவரின் கணவரோ மனைவியோ எந்த நாட்டவராக இருந்தாலும் உடன் செல்லலாம். ஏஜென்ட்டுகள் பிடித்துக்கொண்ட நூல் இதுதான்: பிஜியில் தமிழ் வம்சாவளிக் குடும்பங்கள் நிறைய உண்டு, அங்கே ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்துவிடலாம் என்கிறார்கள். 1903 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். 1926இல் பிஜியின் நாடி நகரில் சங்கம் கண்டு பள்ளிக்கூடங்களும் கோயில்களும் நடத்திவரும் மக்கள். அவர்கள் வீட்டுப் பெண்ணை விசாவாகப் பார்ப்பது அசிங்கம் என்பது ஒருபுறமிருக்க, கணக்கும் உதைக்கிறது. அந்தப் பெண் குலுக்கலில் பெயர் கொடுத்து, தேர்வாகி, ஆஸ்திரேலியாவில் வேலை உறுதிக் கடிதம் பெற்று, திருமணம் உண்மையானதுதான் என்று அதிகாரிகள் நம்பிய பிறகே உங்கள் மகன் பேச்சு வரும். குலுக்கலில் சேர அரசு வாங்கும் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். அதற்கு லட்சக்கணக்கில் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று நீங்களே யோசியுங்கள்.

குக் தீவுகளின் மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள்தானே, அங்கே போய்விட்டால் என்ன என்றும் சிலர் கிளப்புகிறார்கள். அது அங்குள்ள மக்களுக்கு. வேலைக்குப் போகிறவருக்கு அல்ல.

ஆஃபர் லெட்டருக்கு வருவோம். மேலே பல நாட்டுக் கொடிகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. "பணி அனுமதி செல்லுபடியாகும் இடம்" என்பதற்கு எதிரே பசிபிக் தீவுகள் மன்றத்தின் பெயர் இருக்கிறது. அப்படியொரு அனுமதியை வழங்க இந்த உலகத்தில் யாருமில்லை. ஹோட்டலின் பெயர் இருக்கிறது, முகவரியில் தெருப் பெயர் இல்லை. மின்னஞ்சல் யாரும் இலவசமாகத் திறந்துகொள்ளக்கூடிய ஒன்று. சம்பளம் ஆஸ்திரேலிய டாலரில் எழுதப்பட்டிருக்கிறது. பிஜியில் சம்பளம் பிஜி டாலரில்தான் கொடுப்பார்கள். அங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரல் முதல் மணிக்கு 5 பிஜி டாலர், நம் பணத்தில் சுமார் இருநூறு ரூபாய். தேர்ந்த மெக்கானிக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்றாலும், சாப்பாட்டுச் சாமான் பலவும் கப்பலில் வந்திறங்கும் ஊர் அது. தங்குமிடமும் உணவும் முதலாளி பொறுப்பா என்று தெரியாமல் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

இன்னொரு கண்ணி, என் அனுபவத்தில் அதிகம் பேர் விழுவது. இந்தியர்கள் சுற்றுலாவாக பிஜிக்குப் போக முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை, நான்கு மாதம் வரை இருக்கலாம். அந்த வசதியைப் பயன்படுத்தி ஆளை ஏற்றிவிட்டு, பெர்மிட் அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் இளைஞர் இப்படித்தான் இறங்கினார். பார்வையாளர் அனுமதியில் வேலை செய்வது குற்றம் என்பதை அவரைச் சம்பளமில்லாமல் வேலை வாங்கிய முதலாளி நன்றாக அறிந்திருந்தார். புகார் கொடுத்தால் முதலில் நாடு கடத்தப்படுவது தான்தான் என்பதை இளைஞர் தாமதமாக அறிந்தார். வொர்க் பெர்மிட் என்பது பிஜியில் உள்ள முதலாளி அந்நாட்டுக் குடிவரவுத் துறையிடம் விண்ணப்பித்துப் பெறுவது. அந்த முதலாளியோடு பிணைந்தது. வேறு முதலாளியிடம் போக வேறு பெர்மிட் வேண்டும் என்னும்போது வேறு நாட்டுக்குப் போவது பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களைத் தட்டிக் கேட்க நம் ஊரில் சட்டம் இல்லாமல் இல்லை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். தொழிலாளியிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. ரசீது கட்டாயம். ஆனால் புறப்படுவதற்கு முன் ஒப்பந்தத்தை அதிகாரிகள் பார்க்கும் ஏற்பாடு வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குத்தான், அதிலும் பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கே முக்கியமாகப் பொருந்தும். பிஜி பட்டியலில் இல்லை. உங்கள் மகன் டிப்ளமோ படித்தவர். படித்தவர் ஏமாறமாட்டார் என்று தில்லியில் யாரோ எப்போதோ முடிவு கட்டியதன் விளைவு, உங்கள் மகனின் ஆஃபர் லெட்டரை அரசு தரப்பில் ஒரு குமாஸ்தாகூட வாசிக்கமாட்டார். சட்டத்தை மாற்ற 2019, 2021, 2025 என்று மும்முறை வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். நானும் ஒவ்வொரு முறையும் எழுதி அனுப்பினேன். பதிவு பெற்ற ஏஜென்ட்டுக்காக ஆள் பிடித்துக் கொடுக்கும் சப்-ஏஜென்ட் என்று ஒரு வர்க்கமே சட்டத்தில் கிடையாது, ஆனால் பேருந்து நிலையத்தைச் சுற்றி அவர்களின் பலகைகள்தாம்.

எனவே இப்படிச் செய்யுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. உங்கள் ஏஜென்ட்டின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அது நடப்பில் இருக்கிறதா, ரத்தானதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். உரிமம் வேறொருவர் பெயரில் இருந்தால், "அவர் எங்கள் ஹெட் ஆபீஸ்" என்ற பதிலை ஏற்காமல், அந்த ஆளிடமே நேரில் பேசுங்கள். அடுத்து, ஹோட்டலின் பொது எண்ணைத் தானே தேடி எடுத்து, ஏஜென்ட் கொடுக்கும் எண்ணில் அல்லாமல், அங்கே ஆள் எடுக்கிறார்களா என்று மகன் விசாரிக்கட்டும். ஆம் என்றால் பெர்மிட் நகல் கையில் வந்த பிறகே டிக்கெட். சந்தேகம் தீராவிட்டால் சுவாவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு ஆஃபர் லெட்டரை அனுப்பிக் கேட்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் இருக்கிறது. வெளிநாட்டு வேலை என்பதே நோக்கம் என்றால், 1978 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் மகன் பெயரைப் பதிந்து வைப்பதில் நட்டமில்லை. அழைப்பு எப்போது வரும் என்பதற்கு நான் பொறுப்பேற்கமாட்டேன்.

பாஸ்போர்ட்டை ஏஜென்ட்டிடம் ஏற்கெனவே கொடுத்திருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நாளைக் காலையே போய் அதைத் திரும்ப வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு நகல் போதும். தர மறுத்தால், உங்கள் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். முன்பணப் பேச்சு அதற்கப்புறம்.