ஏஜென்ட் சொல்லும் ‘மன்னிப்பு’ – வாசகர் கேள்வி பதில்

கே: தம்பி 2017-ல் விசிட்டர் விசாவில் அமெரிக்கா போனவன் திரும்பவில்லை, ஒரு மளிகைக் கடையில் வேலை. “1986 மாதிரி மறுபடியும் மன்னிப்புச் சட்டம் வருது, ஒன்றரை லட்சம் கட்டினா இப்பவே பேரைப் பதிஞ்சிடலாம்” என்கிறார் ஏரியா ஏஜென்ட். கட்டலாமா? தங்கை கல்யாணத்துக்கு அவன் வந்துபோக முடியுமா?
– வாசகி, காசிமேடு

ப: கட்டாதீர்கள். முன்கூட்டியே பேர் பதிய அப்படியொரு பட்டியலே கிடையாது.

அனுமதியின்றி இருந்தவர்களுக்குத் தங்கும் உரிமை தர 1986 நவம்பர் 6-ல் அமெரிக்க அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தின் பலனும் அங்கே இருந்தவர்கள் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. 1982 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அனுமதியின்றித் தொடர்ந்து தங்கியவர்களுக்கும், 1986 மே 1-ல் முடிந்த ஓராண்டில் 90 நாளாவது பண்ணை வேலை பார்த்தவர்களுக்கும்தான். முதல் வகையினர் 1987 மே 5 தொடங்கி ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டியிருந்தது. பெரியவர்களுக்குக் கட்டணம் 185 டாலர். வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, கரண்ட் பில் என்று வருடவாரியாகக் காட்டச் சொன்னார்கள். ரொக்கமாகக் கூலி வாங்கிய பலர் அங்கேதான் திணறினார்கள். இரண்டு வகையிலும் சேர்த்து ஏறத்தாழ 27 லட்சம் பேர் தேறினார்கள். 2013-ல் இதே போன்றதொரு மசோதா செனட்டில் 68–32 என்று ஜெயித்தும், கீழவை அதை ஓட்டுக்கே எடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு வரட்டும், ஆனால் திரும்பிப் போவதை மறந்துவிட்டு வரட்டும். அனுமதி முடிந்தபின் 180 நாளுக்கு மேல் தங்கி வெளியேறினால் மறுபடி நுழைய 3 ஆண்டுத் தடை. ஒரு வருடம் ஆகிவிட்டால் 10 ஆண்டு. கணக்கு பாஸ்போர்ட்டில் உள்ள விசா தேதியிலிருந்து இல்லை, ஐ-94 பதிவில் (அமெரிக்காவுக்குள் நுழையும்போது எதுவரை தங்கலாம் என்று குறிப்பது) உள்ள கடைசி நாளிலிருந்து. உள்ளேயே இருக்கும்வரை இந்தத் தடை தூங்கும். பிளைட் ஏறிய அன்று விழித்துக்கொள்ளும்.

கே: மகன் அங்கே எம்.எஸ். படிக்கிறான். மோட்டல் முதலாளி, “ஐ-9 ஃபாரத்தில் (வேலைக்குச் சேரும்போது நிரப்புவது) முதல் கட்டத்தில் டிக் போடு, மற்றதை நான் பார்த்துக்கிறேன்” என்றாராம்.
– வாசகர், திருவொற்றியூர்

ப: வேண்டவே வேண்டாம். முதல் கட்டம் ‘நான் அமெரிக்கக் குடிமகன்’ என்பது. வேலைக்காகப் பொய்யாக அதில் டிக் போட்டவருக்கு ஆயுள் தடை. பிற்பாடு அந்நாட்டுப் பெண்ணையே கட்டினாலும் அநேகமாக விலகாது. விசா முடிந்து தங்குவதைவிட இது மோசம்.

இந்த ஃபாரமும் அதே 1986 சட்டத்தின் பிள்ளைதான். வேலையில் சேர்ந்த மூன்று வேலை நாளுக்குள் முதலாளி அசல் ஆவணத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் பார்வைக்கு அசல் மாதிரி இருந்தாலே போதும். வேலை அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே வைத்திருந்தால்தான் அதற்கான அபராதம். போலி அட்டைக் கடைகள் பெருகியது இந்த ஓட்டையால்தான். முதலாளி “காட்டினான், பார்த்தேன்” என்று நழுவுவார். உங்கள் மகன் கையெழுத்து மட்டும் சேர்ந்த நாளிலிருந்து 3 ஆண்டு, அல்லது விலகியபின் ஓராண்டு, எது பிந்தியதோ அதுவரை கோப்பில் இருக்கும். படிப்பு நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். வெளியே என்றால் முன் அனுமதி வேண்டும்.

கே: மலேசியாவில் பாஸ் (தங்கும் அனுமதி) காலாவதியான ஒருவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கும் தண்டனை உண்டா?
– வாசகர், வியாசர்பாடி

ப: உண்டு. அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவில் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து பேரைத் தாண்டினால் பிரம்படியும் உண்டு. வேலை பார்த்தவர் மீது தனி வழக்கு. பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை (வேலைக்குப் போக அரசு அனுமதி தேவை என்ற குறி) இருந்தும் டூரிஸ்ட்டாகப் போகிறவருக்கு, முறைப்படி வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கே தரும் 10 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸும் கிடையாது. ஏஜென்ட் கேட்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லைசென்ஸ் எண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள்.