ஹோக்ஷூலே என்றால் மட்டமா? ராணிப்பேட்டைத் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் வேதிப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறார். ஜெர்மனியில் முதுநிலைப் படிப்புக்கு இரண்டு அனுமதிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்று பெயர்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து, மற்றது நம்மில் யாரும் கேள்விப்படாத ஊரில் உள்ள ஒரு ஹோக்ஷூலேயிலிருந்து. மகள் இரண்டாவதற்குப் போகிறேன் என்கிறார். "அது அந்த ஊர் பாலிடெக்னிக். பி.டெக். படித்த பெண் திரும்பவும் பாலிடெக்னிக்குப் போவதா?" என்று சென்னையில் இருக்கும் உங்கள் மைத்துனர் கேட்டதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது.

மைத்துனரின் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம். நம் பாலிடெக்னிக் டிப்ளமோ தருகிறது. ஹோக்ஷூலே தருவது இளநிலை, முதுநிலைப் பட்டங்கள். அவற்றின் முழுப்பெயர் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம். 1968இல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அதுவரை பொறியியல் பள்ளிகளாக இருந்த பலவற்றை ஒன்றுசேர்த்து உயர்கல்வி நிலைக்கு ஏற்றினார்கள். ஆகன் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1870இல் தொடங்கிய ஆர்.டபிள்யூ.டி.எச். என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதே ஊரில் 1971இல் தொடங்கிய எஃப்.எச். ஆகன் என்ற பயன்பாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. இரண்டும் பொறியாளர்களை உருவாக்குகின்றன, ஒன்று மற்றொன்றின் கிளை அல்ல. முன்பெல்லாம் ஹோக்ஷூலேயில் வாங்கிய பட்டத்தின் பின்னால் இன்ன வகை நிறுவனம் என்று இரண்டெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். 1999இல் ஐரோப்பிய நாடுகள் போலோன்யாவில் கூடி ஒரே மாதிரியான பட்ட முறைக்கு ஒப்புக்கொண்ட பிறகு அந்த ஒட்டு போய்விட்டது. இன்று இரண்டு இடத்து முதுநிலைப் பட்டமும் சட்டப்படி சமம்.

சட்டப்படி சமம் என்றதும், ஒரே சரக்கு, வேறு கடை என்று நினைத்துவிடாதீர்கள். படிப்பின் போக்கு வேறு. அதை உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன்.

பல ஆண்டுகளாக டேனரியில், தோலைக் குரோமியத்தில் பதனிடும் வெட் புளூ பிரிவைப் பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். டிரம்மில் போடும் குரோமியம் முழுவதும் தோலில் ஏறுவதில்லை, ஒரு பங்கு கழிவுநீரோடு போய்விடுகிறது என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். இந்த ஒரே பிரச்சினையைப் பழைய பாணிப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி எடுத்துக்கொண்டால், தோலின் புரதத்தோடு குரோமியம் எப்படிப் பிணைகிறது, எந்த அமிலத்தன்மையில் அந்தப் பிணைப்பு வலுக்கிறது, அதை எந்தச் சமன்பாட்டில் அடக்கலாம் என்று போவாள். அவளுடைய ஆய்வேட்டின் பயன் பத்து ஆண்டு கழித்துத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஹோக்ஷூலே மாணவிக்கு வேறு கேள்வி கொடுப்பார்கள்: இந்தத் தொழிற்சாலையில், இந்த டிரம்மில், இப்போது இருக்கும் ஆட்களை வைத்துக்கொண்டு வீணாகும் குரோமியத்தை எவ்வளவு குறைக்கலாம், அதற்கு என்ன செலவு, எத்தனை மாதத்தில் அந்தச் செலவு திரும்பும்? ஆறு மாதத்தில் விடை வேண்டும். விடையைப் பேராசிரியர் மட்டும் படிப்பதில்லை, அந்த நிறுவனத்தின் பொறியாளரும் உட்கார்ந்து படிக்கிறார்.

இரண்டு கேள்வியும் தேவையானவைதான். பாலாறு மாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சுத்திகரிப்பு இல்லாமல் தோல் தொழில் இல்லை என்றாகிவிட்டது. நம் பகுதியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்று சவ்வூடு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் ஓடுகின்றன. அந்தச் சவ்வைக் கண்டுபிடித்தவர் முதல் வகை ஆள். அது அடைத்துக்கொள்ளாமல் ஓட்டுபவர் இரண்டாம் வகை ஆள்.

பாடம் நடத்துபவர்களிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. ஜெர்மனியில் ஹோக்ஷூலே பேராசிரியராக வேண்டுமென்றால் முனைவர் பட்டம் மட்டும் போதாது. பொதுவாக ஐந்து ஆண்டு தொழில் அனுபவம் கேட்பார்கள், அதில் குறைந்தது மூன்று ஆண்டு கல்வி நிறுவனத்துக்கு வெளியே வேலை பார்த்திருக்க வேண்டும். அவர் வாரத்துக்குச் சுமார் 18 பாடவேளை வகுப்பெடுப்பார். பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு அதில் பாதிதான், மீதி நேரம் ஆராய்ச்சிக்கு. ஆகவே ஹோக்ஷூலேயில் ஆசிரியரை வகுப்பிலேயே பிடித்துச் சந்தேகம் கேட்கலாம். பல்கலைக்கழகத்தில் நீங்களாகவே படித்து, நீங்களாகவே திட்டமிட்டு, பரீட்சைக்குப் போய் உட்கார வேண்டும். வாரம் ஒரு டெஸ்ட், மாதம் ஒரு மாடல் என்று வளர்ந்த நம் பிள்ளைகளில் சிலர் அங்கே முதல் செமஸ்டரிலேயே தடுமாறிப் போவது இதனால்தான்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலூர்க்காரர்களாகிய நமக்குச் செய்முறைக் கல்வி புதிதா என்ன? சி.எம்.சி.யில் மருத்துவம் படிக்கும் பிள்ளை நாலரை ஆண்டுப் பாடம் முடித்த பிறகும் ஓராண்டு வார்டில் நின்றால்தான் பட்டம் கைக்கு வருகிறது. அதைப் பார்த்து மட்டமான படிப்பு என்று யாரும் சொன்னதில்லை. பொறியியலுக்கு மட்டும் இயந்திரத்தின் அருகே போனால் மதிப்புப் போய்விடும் என்பது எங்கிருந்து வந்த எண்ணமோ தெரியவில்லை. ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையையும் சிப்காட்டையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இப்படி நினைப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இனி ஹோக்ஷூலேயின் குறைகள். அவற்றை மறைத்துப் பேச எனக்குப் பிடிக்காது.

முதலாவது, முனைவர் பட்டம். அந்த உரிமை நெடுங்காலம் பல்கலைக்கழகங்களிடம் மட்டுமே இருந்தது. 2016இல் ஹெஸ்ஸன் மாநிலத்தின் ஃபுல்டா ஹோக்ஷூலேதான் அதை முதன்முதலாகப் பெற்றது, அதுவும் ஆராய்ச்சியில் வலுவான துறைக்கு மட்டும். இப்போது வேறு சில மாநிலங்களிலும் வழி திறந்திருக்கிறது. ஹோக்ஷூலேயில் முதுநிலை முடித்தவர் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆய்வு செய்யத் தகுதி உண்டு. ஆனால் நடைமுறையில், வெளியிலிருந்து வருபவர் தனக்கு ஒரு நெறியாளரைத் தேடிக்கொள்வது கடினம். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த மாணவிக்குக் கதவு முன்பே திறந்திருக்கும். உங்கள் மகளுக்கு ஆராய்ச்சியாளர் ஆகவேண்டும், பிற்காலத்தில் சென்னை தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் விஞ்ஞானியாக உட்காரவேண்டும் என்ற எண்ணம் இருந்தால், நான் தயங்காமல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையே சொல்வேன்.

இரண்டாவது, பெயர். ஜெர்மனியில் ஆள் எடுப்பவருக்கு அந்த ஹோக்ஷூலேயும் தெரியும், அதன் பேராசிரியரையும் தெரிந்திருக்கும். சென்னையில் ஆள் எடுப்பவருக்குப் பெரும்பாலும் நாலைந்து பெரிய பெயர்கள் மட்டுமே தெரியும். படித்து முடித்த உடனே ஊர் திரும்பிவிடுவார் என்றால் பெயருக்கு ஒரு விலை உண்டு, அதை மறுக்கவில்லை. சம்பந்தம் பேசும் வீட்டாருக்கும் பெரிய பெயர்தான் பிடிக்கும் என்று நீங்கள் எழுதியதற்கு மட்டும் நான் பதில் சொல்லப்போவதில்லை.

மூன்றாவது, மொழி. ஆங்கிலத்தில் நடக்கும் முதுநிலைப் படிப்புகள் இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் ஹோக்ஷூலேயின் பலமே சுற்றுவட்டாரத்துச் சிறிய, நடுத்தரத் தொழிற்சாலைகளோடு அதற்குள்ள உறவுதான். அங்கே போர்மேன் ஜெர்மன் மொழியில்தான் பேசுவார். பி1 என்ற இடைநிலை ஜெர்மன் தேர்ச்சிகூட இல்லாமல் போகும் மாணவிக்கு ஹோக்ஷூலே தரக்கூடிய நன்மையில் பாதி கைநழுவிவிடும். மகள் இன்றே வகுப்பில் சேரட்டும். சென்னை மாக்ஸ் முல்லர் பவனுக்குக் காட்பாடியிலிருந்து ரயிலில் போய்வர முடியாவிட்டால் இணையவழி வகுப்பு இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் என்ற பெயரைத் தனியார் நிறுவனங்களும் வைத்துக்கொள்கின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் கட்டணம் பல லட்சம். இங்கே பேனர் வைத்து, கருத்தரங்கு நடத்தி ஆள் சேர்க்கும் ஏஜென்ட்டுகள் சிலர் அவற்றைத்தான் முதலில் நீட்டுவார்கள், ஏனென்றால் கமிஷன் அங்கேதான் இருக்கிறது. அரசு ஹோக்ஷூலே பொதுவாக யாருக்கும் கமிஷன் கொடுக்காது. மகளுக்கு வந்த கடிதம் அரசு நிறுவனத்தினுடையதா என்று ஜெர்மன் கல்வி நிறுவனங்களின் அதிகாரபூர்வத் தளமான ஹோக்ஷூல்கொம்பாஸில் (Hochschulkompass) பெயரைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனியில் அரசுக் கல்வி இலவசம் என்று பொதுவாகச் சொல்வது முழு உண்மை அல்ல. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. பெரும்பாலான மற்ற இடங்களில் சிறிய செமஸ்டர் கட்டணம் மட்டுமே. ஆனால் எங்கே சேர்ந்தாலும் விசாவுக்கு முன்பு வாழ்க்கைச் செலவுப் பணத்தை முடக்கக் கணக்கில் போட்டாக வேண்டும். 2024 செப்டம்பரில் அது ஆண்டுக்கு 11,904 யூரோ என்று ஆனது, ரூபாயில் பத்து லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணம் யாருக்கும் போவதல்ல, மாதாமாதம் மகளுக்கே திரும்ப வரும். வங்கியில் கல்விக்கடன் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள். பகுதிநேர வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அனுமதி உண்டு. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்கலாம். இந்த இரண்டு விதியும் இருவகை நிறுவனத்துக்கும் ஒன்றுதான். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தூதரகத்தின் பிரிவு தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் இல்லாமல் விசா விண்ணப்பமே போடமுடியாது. மகள் அதை வாங்கிவிட்டாரா என்று கடிதத்தில் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் உங்கள் தம்பி மகனைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூ சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மனியில் நேராக இளநிலையில் சேர்வது பொதுவாக நடக்காது. இங்கே ஒரு பல்கலைக்கழகப் படிப்பில் ஓராண்டு தேறியிருக்க வேண்டும், அல்லது அங்கே முன்தயாரிப்பு ஆண்டு படிக்க வேண்டும். நெதர்லாந்து போகிறான் என்றால், அங்கே பயன்பாட்டுக் கல்வியில் இளநிலை நான்கு ஆண்டு, ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு. முதலாவதிலிருந்து இரண்டாவதன் முதுநிலைக்கு மாற வேண்டுமென்றால் பலமுறை இடையில் ஒரு இணைப்புப் படிப்பு கேட்பார்கள். அவனுக்குத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மைத்துனர் சொன்னது இருக்கிறது, பக்கத்து வீட்டார் சொன்னது இருக்கிறது. மகள் ஏன் ஹோக்ஷூலேயைக் கேட்கிறார் என்பதற்கு ஒரு வரி இல்லை. ஆனால் விடுமுறையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பயிற்சிக்குப் போனவர், அது முடிந்த பிறகும் சனிக்கிழமைகளில் அங்கேயே போய் நின்றார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் அவருடைய தேர்வு சரியென்றே எனக்குப் படுகிறது. ஆராய்ச்சி ஆசை உண்டா என்று மட்டும் நேரடியாகக் கேளுங்கள். "தெரியவில்லை" என்று சொன்னால் அதுவும் நியாயமான பதில்தான், இருபத்தொரு வயதில் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஜெர்மனியில் ஒவ்வொரு படிப்புக்கும் பாடக் கையேடு ஒன்றை இணையத்தில் போட்டிருப்பார்கள். இரண்டு படிப்பின் கையேட்டையும் மகள் எனக்கு அனுப்பட்டும். ஆய்வுக்கூடத்துக்கு எத்தனை கிரெடிட், நிறுவனத்தில் ஆய்வேடு செய்ய இடம் உண்டா என்று அதில் தெரிந்துவிடும். ஹோக்ஷூலே படிப்பு 120 கிரெடிட்டா, 90தானா என்பதையும் பார்க்க வேண்டும். 90 என்றால், நம் பட்டத்தை அவர்கள் எவ்வளவாகக் கணக்கிட்டிருக்கிறார்கள், கூடுதலாக 30 கிரெடிட் படிக்கச் சொல்வார்களா என்று படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்க வேண்டும். அந்த மின்னஞ்சலை மகளே எழுதட்டும், நீங்களோ மைத்துனரோ எழுத வேண்டாம். பிற்காலத்தில் இங்கே அரசுப் பணிக்கோ கல்லூரி வேலைக்கோ வந்தால் சமநிலைச் சான்று கேட்பார்கள், ஆகவே அனுமதிக் கடிதத்திலிருந்து எல்லாத் தாள்களையும் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு இடத்துக்கும் சம்மதம் தெரிவிக்கக் கடைசித் தேதி இருக்கும். பெரும்பாலும் இரண்டும் ஒரே தேதியாக இருக்காது. எது முந்தியது என்று இன்று மாலையே பார்த்துச் சொல்லுங்கள்.