ஒரே நாளில் மூன்று கவர்னர்கள்

அன்புள்ள ஐயா,

1905-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று கவர்னர்கள் இருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தேர்தலில் ஜெயித்த ஆடம்ஸை இறக்கி, தோற்ற பீபாடியை ஏற்றி, மறுநாளே துணை கவர்னரைக் கொண்டுவந்தார்களாம். தோற்றவரை உட்காரவைத்து உடனே எழுப்புவானேன்? துணை கவர்னரை நேராகவே ஏற்றியிருக்கலாமே?
செல்வம்

அன்புள்ள செல்வம்,

ஏற்றியிருக்க முடியாது. கவர்னர் தேர்தலில் தகராறு என்றால் அங்கே முடிவு சொல்வது கோர்ட் அல்ல. சட்டசபையின் இரு அவைகளும் சேர்ந்து கூடும் கூட்டம். அதன் முன் இருந்த கேள்வி, ஜெயித்தது ஆல்வா ஆடம்ஸா, ஜேம்ஸ் பீபாடியா என்பதுதான். துணை கவர்னர் ஜெஸ்ஸி மெக்டொனால்டு அந்தப் பதவிக்கு நிற்கவே இல்லை. கவர்னர் நாற்காலி காலியானால்தான் அவர் வர முடியும்.

1904 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஆடம்ஸ் ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான ஓட்டில் ஜெயித்தார். அதே தேர்தலில் ஜனாதிபதி பதவிக்குக் கொலராடோ ஆதரித்தது குடியரசுக் கட்சியின் ரூஸ்வெல்ட்டை! மெக்டொனால்டும் அந்தக் கட்சிதான். அதுவரை கவர்னராக இருந்த பீபாடியும் அதே கட்சி. ஆக, அடி கட்சிக்கு விழவில்லை, பீபாடிக்கு விழுந்தது. கிரிப்பிள் கிரீக், டெலூரைட் சுரங்க வேலைநிறுத்தங்களில் படையை இறக்கி, சங்கத்துக்காரர்களை ஊரைவிட்டே துரத்த விட்டவர் அவர்.

ஆனால் ஆடம்ஸ் தரப்பும் சுத்தமில்லை. ஒரே கட்சிக்கு மொத்தமாக ஓட்டுப் போட, சீட்டின் தலைப்பில் கட்சிப் பெயரைக் கையால் எழுத வேண்டும். கள்ள ஓட்டு மாட்டிக்கொண்டது இங்கேதான். தலைநகர் டென்வரின் ஓட்டுப் பெட்டிகளைத் திறந்து கையெழுத்து நிபுணர்களிடம் காட்டியபோது, சீட்டுக்குச் சீட்டு ஒரே கை. மறுபக்கம், லாஸ் அனிமாஸ், ஹுயர்ஃபானோ மாவட்ட நிலக்கரிச் சுரங்கங்களில் கம்பெனிகள் தொழிலாளர்களை மிரட்டிப் பீபாடிக்கு ஓட்டுச் சேர்த்தன என்பது ஆடம்ஸ் தரப்பின் புகார்.

சட்டசபையில் குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை. ஆனால் அதிலேயே சிலர் பீபாடியை மறுபடி இரண்டு வருஷம் சுமக்கத் தயாராக இல்லை. அவர்கள் ஓட்டு இல்லாமல் காரியம் நடக்காது. அதனால்தான் அந்த ஏற்பாடு: பீபாடி ராஜினாமாக் கடிதத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். மார்ச் 16 அன்று ஆடம்ஸ் இறங்கினார், பீபாடி ஏறினார். 17-ஆம் தேதி அந்தக் கடிதம் வெளியே வந்தது, மெக்டொனால்டு கவர்னர். யார் ஜெயித்தார் என்று தேடிக் கண்டுபிடித்த முடிவாக இதை என்னால் பார்க்க முடியவில்லை. ஓட்டுக் கணக்குப் பார்த்துச் செய்த பேரம்.

இதன் வால் வாஷிங்டன் வரை நீண்டது. டென்வர் பத்திரிகை அதிபரும் செனட்டருமான தாமஸ் பேட்டர்சன், கவர்னரை மாற்றும் திட்டத்தில் மாநில சுப்ரீம் கோர்ட்டுக்கும் பங்கு உண்டு என்று கட்டுரையும் கேலிச்சித்திரமும் போட்டார். கோர்ட் அவமதிப்பு என்று அந்தக் கோர்ட்டே அவரைத் தண்டித்தது. சொன்னதை உண்மையென்று நிரூபிக்கிறேன் என்றார்; விடவில்லை. 1907-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் அந்தத் தண்டனையில் கைவைக்க மறுத்துவிட்டது.