நல்ல ட்ரக்டர் செய்த கம்பனி ஏன் செத்தது?

கேள்வி: அப்பா வாங்கிய மெசி பேர்கசன் 35 கொட்டிலில் நிற்கிறது. நாலு வருடமாக ஓடவில்லை. பழைய இரும்பு எடுப்பவர் அடுத்த கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அம்மா விற்கவே கூடாது என்கிறா. அந்தக் காலத்து இங்கிலாந்து மெசின் போல வராது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவ்வளவு நல்ல பொருளென்றால் அதைச் செய்த கம்பனிகள் ஏன் ஒவ்வொன்றாக அழிந்தன? பொருளில் பிழை இருந்தபடியால்தானே? செத்த கம்பனியின் மெசினை வைத்திருந்து என்ன செய்வது?
— வாசகர், உரும்பிராய்

பதில்: விற்காதீர்கள். அம்மா சொல்வதுதான் சரி.

உங்கள் கேள்விக்குள் ஒரு பிழையான கணக்கு இருக்கிறது. கம்பனி அழிந்தது, ஆகவே மெசின் கூடாது என்கிறீர்கள். ட்ரக்டரின் கதையில் இது அனேகமாகத் தலைகீழாகத்தான் நடந்திருக்கிறது. உங்கள் 35இன் பின்பக்கம் போய்க் கலப்பை கொழுவும் அந்த மூன்று கைகளையும் ஒருமுறை பாருங்கள். ஹாரி பேர்கசன் என்கிற அயர்லாந்துக்காரர், 1884இல் ஒரு கமக்காரர் வீட்டில் பிறந்தவர், தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அதற்காகத்தான் செலவழித்தார். அதற்கு முன் கலப்பையை ட்ரக்டருக்குப் பின்னால் கொழுவி வெறுமனே இழுத்தார்கள். கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால் சில்லு சுற்ற இடமில்லாமல் ட்ரக்டரின் முன்பக்கம் எழும்பி அப்படியே ஓட்டுபவர் மேல் கவிழும், அப்படிச் செத்தவர்கள் பலர். பேர்கசன் கலப்பையையும் ட்ரக்டரையும் ஒரே உடம்பாக்கினார். கீழே இரண்டு கை, மேலே ஒன்று, நடுவில் ஹைட்ரோலிக். மண் கலப்பையை இழுக்கும் பாரம் பின் சில்லில் இறங்கியது, மேல்கை முன்பக்கத்தை எழும்ப விடாமல் அமத்திப் பிடித்தது, பாரம் குறைந்த சின்ன ட்ரக்டரே பெரிய ட்ரக்டரின் வேலையைச் செய்தது. இன்றைக்கு யப்பானில் இருந்து வந்தாலும் இந்தியாவில் இருந்து வந்தாலும், வயலில் இறங்குகிற ட்ரக்டரின் பின்னால் இருப்பது அதே மூன்று கைதான்.

இவ்வளவும் செய்தவருக்கு என்ன நடந்தது? 1938இல் ஹென்றி போர்டோடு கைகொடுத்து ஒப்பந்தம் பேசினார். வெறும் கைகுலுக்கல், கடதாசி இல்லை. அடுத்த வருடமே அவருடைய முறையோடு போர்ட் ட்ரக்டர் வெளியே வந்தது. பிறகு கிழவர் ஒதுங்கிப் பேரன் பொறுப்பெடுத்ததும் அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு அதே முறையில் தாங்களே செய்து விற்கத் தொடங்கினார்கள். பேர்கசன் வழக்குப் போட்டார், 1952இல் 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கிடைத்தது. அதற்கிடையில் 1946இல் இருந்தே இங்கிலாந்தின் கோவென்ரியில், பானர் லேன் என்ற தொழிற்சாலையில், அவருடைய சின்னச் சாம்பல் நிற ட்ரக்டர் இறங்கிக்கொண்டிருந்தது. பத்து வருடத்தில் ஐந்து இலட்சத்துக்கு மேல். 1953இல் கனடாவின் மெசி ஹரிஸோடு சேர்ந்தார். உங்கள் 35, அதன்பிறகு 1964இல் வந்த 135, எல்லாம் அந்தச் சேர்க்கையின் பிள்ளைகள்.

சரி, அந்தக் கம்பனி ஏன் விழுந்தது? கடன். எழுபதுகளின் கடைசியில் அளவுக்கு மிஞ்சிக் கடன்பட்டிருந்த நேரத்தில் வட்டி ஏறியது, கமக்காரரின் கையில் காசு குறைந்தது, செய்த ட்ரக்டர்கள் விலைப்படாமல் நின்றன. 1986இல் தாய்க் கம்பனி தன் பெயரையே மாற்றிக்கொண்டது. 1994இல் அமெரிக்காவின் அக்கோ மெசி பேர்கசனை வாங்கியது. 2003இல் பானர் லேன் மூடப்பட்டது. இந்தக் கதையில் எந்த இடத்திலாவது 35இன் கியர் உடைந்தது என்றோ ஹைட்ரோலிக் தூக்கவில்லை என்றோ வருகிறதா? உழைத்தது ட்ரக்டர், விழுந்தது கணக்குப் புத்தகம்.

மற்றவற்றையும் கேளுங்கள். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1902இல் தொடங்கிய பெரும் கம்பனி. 1979இல் தொழிலாளரோடு முட்டி 172 நாள் வேலைநிறுத்தம், அதன்மேல் கடன், 1985இல் அதன் கமப்பகுதி கேஸ் என்கிற இன்னொரு அமெரிக்க ட்ரக்டர் கம்பனியின் கைக்குப் போய்விட்டது. போர்ட் தன் ட்ரக்டர் பகுதியை 1991இல் இத்தாலியின் பியற் கம்பனிக்கு விற்றது. டேவிட் பிறவுண் 1936இல் பேர்கசனோடு சேர்ந்து ட்ரக்டர் செய்யத் தொடங்கியவர், அஸ்டன் மார்டின் கார்களின் டிபி என்ற எழுத்து அவருடைய பெயர்தான். அவருடைய ட்ரக்டர் கம்பனியையும் 1972இல் கேஸின் சொந்தக்காரர்கள் வாங்கினார்கள், 1988இல் தொழிற்சாலையை மூடினார்கள்.

நீங்கள் வைத்திருப்பது டேவிட் பிறவுண் என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும், அதை ஒளிக்க மாட்டேன். அதற்குப் பாட்ஸ் தேடுவது பெரும் பாடு. 35 அப்படியில்லை. 1960இலேயே சென்னையில் டாபே என்ற கம்பனி தொடங்கி மெசி பேர்கசனைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. 35இல் பின்னர் வந்த பேர்க்கின்ஸ் எஞ்சினை லைசென்ஸ் எடுத்துச் சென்னையில் சிம்சன் கம்பனி செய்தது. லாகூரில் 1964இல் தொடங்கிய மில்லத் ட்ரக்டர் கம்பனியும் அதே பரம்பரை. பழைய யூகோஸ்லாவியாவில் ஐஎம்ரி என்ற பெயரில் 35இன் வடிவத்தை எடுத்துச் செய்தார்கள், கடைசியில் 2018இல் அந்த ஐஎம்ரியையும் டாபேதான் வாங்கியது. அதனால் உங்கள் மெசினுக்கு லைனர், பிஸ்டன், பெயாரிங், கிளட்ச் பிளேட் எல்லாம் தேடலாம், அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையில் இருந்து. கோவென்ரியில் அணைந்த உலை சென்னையில் எரிகிறது. செத்த கம்பனி என்று நீங்கள் எழுதியதை நான் ஒத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

கம்பனி கைவிட்ட பிறகும் மெசினை ஓட வைப்பது எப்படி என்று யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியாதா? 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, பாட்ஸ் இல்லை. சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். அந்த முறை பழைய ட்ரக்டர்களில் கம்பனியே வைத்த முறை. பேர்கசனின் சாம்பல் ட்ரக்டரிலும் போர்ட்டின் பழைய ட்ரக்டரான போர்ட்சனிலும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுகிறவை இருந்தன, பெற்றோலில் சூடாக்கிவிட்டுக் குழாயைத் திருப்புவார்கள். எங்கள் கராச் மெக்கானிக்மார் புத்தகம் பார்க்காமலே அங்கே வந்து சேர்ந்தார்கள். 1995 ஒக்டோபரில் போருக்குப் பயந்து வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது, எத்தனை கிழவிகளும் குழந்தைகளும் ட்ரக்டர் பெட்டியில் நாவற்குழிப் பாலம் கடந்தார்கள். என் பெரியம்மாவும் அப்படித்தான் போனா, ஒரு 135இன் பெட்டியில், நெல் மூட்டைக்கு மேலே. நான் இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று அம்மாவுக்கு விளங்கும்.

இன்னொன்று. நாங்கள் இரண்டு சில்லு மெசினை லான்ட்மாஸ்டர் என்கிறோம். லான்ட்மாஸ்டர் என்பது இங்கிலாந்தில் நொட்டிங்காம் பக்கத்து ஹக்னோல் என்ற ஊரில் இருந்த கம்பனியின் பெயர். இன்று வயலில் நிற்பது குபோட்டாவாகவோ சீன மெசினாகவோ இருக்கும், ஆனாலும் எங்கள் வாயில் அது லான்ட்மாஸ்டர்தான். அந்தக் கம்பனியை இங்கே ஒருவருக்கும் நினைவில்லை, பெயர் மட்டும் எங்களுடைய சொல்லாகிவிட்டது.

இனி வேலைக்கு வாருங்கள். நாலு வருடம் நின்ற எஞ்சினை எடுத்தவுடன் செல்ப் அடிக்காதீர்கள், அதுதான் பலர் செய்கிற பெரிய பிழை. முதலில் கையால் சுற்றிப் பாருங்கள், இறுகியிருந்தால் பலவந்தம் செய்ய வேண்டாம், இன்ஜெக்டரைக் கழற்றி ஒயில் விட்டு இரண்டொரு நாள் ஊற விடுங்கள். தாங்கியில் கிடக்கிற பழைய டீசலை முழுக்க வடியுங்கள், பில்டரை மாற்றுங்கள், எஞ்சின் ஒயிலை மாற்றுங்கள், பிறகு டீசல் லைனில் காற்றை எடுங்கள். கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் இதில் ஒரே ஒயில். அது பால்போல வெளிறியிருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அதையும் வடித்துவிடுங்கள். எங்கள் மாரி மழையில், கூரை ஒழுகுகிற கொட்டிலில் நின்ற மெசினுக்கு இது நடப்பது வழமை.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். எஞ்சின் பக்கத்தில் இன்ஜெக்டருக்குப் போகிற மெல்லிய இரும்புக் குழாய்களை எண்ணுங்கள். மூன்று என்றால் அது 1959இல் இருந்து வந்த பேர்க்கின்ஸ், நான் மேலே எழுதியதெல்லாம் அப்படியே பொருந்தும். நான்கு என்றால் அதற்கு முந்திய ஸ்டாண்டர்ட் எஞ்சின். ஸ்டார்ட் எடுக்கக் கொஞ்சம் அடம் பிடிக்கும், பாட்ஸும் அவ்வளவு இலகுவில் கிடைக்காது. அப்போதும் விற்க வேண்டாம், ஆனால் அந்த எஞ்சினில் கை வைத்த ஒரு பழைய மெக்கானிக்கைத் தேடிப் பிடித்த பிறகு தொடங்குங்கள். எண்ணிவிட்டு எழுதுங்கள், மூன்றா நான்கா என்று. இரும்புக்காரருக்கு வர வேண்டாம் என்று அம்மாவைக் கொண்டே சொல்லுவியுங்கள்.