முதலில் 1954-ஐப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: தமிழ்ப் படங்களை 1931-இலிருந்து வருஷவாரியாகத் தொகுத்த தடிமனான புத்தகம் ஒன்றை வாங்கினேன். "இதெல்லாம் போனிலேயே இருக்கே, தண்டச் செலவு" என்கிறான் மகன். இந்த மாதிரிப் புத்தகத்தால் உண்மையில் பயன் உண்டா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: தண்டமா இல்லையா என்பதை அப்புறம் பார்ப்போம். 'வருஷவாரியாக' என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த வருஷம்? படம் எடுத்த வருஷமா, சென்சார் ஆன வருஷமா, தியேட்டருக்கு வந்த வருஷமா? டிசம்பரில் சென்சார் முடிந்து பொங்கலுக்கு வெளியாகும் படங்கள் எப்போதும் உண்டு. ஒரு புத்தகத்தில் அது பழைய வருஷக் கணக்கில் இருக்கும், இன்னொன்றில் புது வருஷத்தில் இருக்கும். எந்தத் தேதியை எடுத்துக்கொண்டோம் என்று தொகுத்தவர் முன்னுரையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் எனக்குப் பாதி நம்பிக்கை அங்கேயே போய்விடும்.

நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். அது வந்த வருஷம் 1916 என்பார் ஒருவர், 1917 என்பார் ஒருவர், 1918 என்பார் இன்னொருவர். சரிபார்க்கப் படத்தின் பிரதியும் இல்லை. பொறுப்பான தொகுப்பாளர் மூன்றையும் குறிப்பிட்டு, தான் எதை ஏற்கிறார், ஏன் ஏற்கிறார் என்று ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இப்படிப்பட்ட புத்தகங்களுக்குக் காசு கொடுக்கிறேன்.

சரி, பயனுக்கு வருகிறேன். உங்கள் புத்தகத்தில் 1954-ஐப் பிரியுங்கள். மார்ச்சில் 'மனோகரா'. கலைஞரின் வசனம், சங்கிலியில் கட்டுண்டு நின்று முழங்கும் சிவாஜி. அடுத்த மாதமே 'அந்த நாள்'. வீணை எஸ்.பாலசந்தர் இயக்கியது, ஒரு பாட்டுக்கூடக் கிடையாது, நடனம் கிடையாது. சென்னையில் குண்டு விழுந்த 1943-ஐ ஒட்டி நடக்கும் கொலைக் கதை. அதே சிவாஜி இதில் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் ரேடியோ இன்ஜினீயர். அதே வருஷம் எம்.ஜி.ஆரின் 'மலைக்கள்ளன்' வந்து ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. எம்.ஆர்.ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' வந்ததும் அதே வருஷம்தான். நான்கையும் தனித்தனியாக நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான்கும் ஒரே வருஷத்து ஜனங்கள் பார்த்தவை என்பது அந்தப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போதுதான் உறைக்கிறது. ராஜா ராணிக் கதைக்குக் கை தட்டிய கையோடு, பாட்டே இல்லாத ஒரு படத்துக்கும் டிக்கெட் வாங்கச் சொல்லி அந்த ரசிகர்களைக் கேட்டிருக்கிறார்கள்! 'அந்த நாள்' அன்று ஏன் ஓடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த விமர்சனக் கட்டுரையிலும் படித்ததில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இந்தப் புத்தகங்களில் படத்துக்குப் படம் போடும் நட்சத்திர மதிப்பெண்களையும் 'நூறு நாள்', 'வெள்ளி விழா' கணக்குகளையும் நான் பொருட்படுத்துவதே இல்லை. ஓடிய நாளை வைத்து மட்டும் பொறுக்கினால் 'அந்த நாள்' எந்தப் பட்டியலிலும் நிற்காது. இதை இந்தப் பக்கத்தில் பல தடவை எழுதிச் சண்டையும் வாங்கியிருக்கிறேன். இன்னும் எழுதுவேன்.

போனில் வருஷப் பட்டியல் இருப்பது உண்மைதான். பழைய வருஷங்களுக்கு அங்கே ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது எது என்று உங்கள் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். 2004-இல் வந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் புத்தகம். படங்களையும் தகவல்களையும் ஆயுள் முழுக்கச் சேர்த்தவர் அவர். பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல்தான் தொடங்கியது. அதற்குள் எத்தனையோ படங்களின் பிலிம் போயே போய்விட்டது. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' உட்பட. இப்படிப் போன பல படங்களுக்கு மிஞ்சியது தியேட்டர் வாசலில் சில்லறைக்கு விற்ற பாட்டுப் புத்தகம். அட்டையில் கதாநாயகி, உள்ளே நடிகர் பட்டியல், பாட்டுகள், கதைச் சுருக்கம். சுருக்கம் பாதியில் நின்று 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். இன்று அந்த மீதியைக் காண வழியே இல்லை. அந்தத் தாள்களையும் பத்திரப்படுத்தி, படத்தின் பெயரையும் நடித்தவர்களையும் எழுதி வைத்தவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரியது. நல்ல தொகுப்பில் 'இப்படத்தின் பிரதி கிடைக்கவில்லை' என்ற குறிப்பும் இருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா?

இன்னொன்றும் பாருங்கள். 1955-இல் 'மிஸ்ஸியம்மா' எப்படிப் பதிவாகியிருக்கிறது? தெலுங்கில் என்.டி.ராமராவ், தமிழில் ஜெமினி கணேசன், இரண்டிலும் சாவித்திரி. இரு மொழியிலும் தனித்தனியாக எடுத்த படம். இதை டப்பிங் படங்களோடு சேர்த்திருந்தால் தொகுத்தவர் படத்தைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். 'உத்தம புத்திரன்' இரண்டு உண்டு. 1940-இல் பி.யு.சின்னப்பா, 1958-இல் சிவாஜி, இருவருக்கும் இரட்டை வேடம். இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்கிறதா என்று அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, புத்தகத்தின் பின்பக்கம். பெயரடைவு, அதாவது பெயர்களைப் பக்க எண்ணோடு அகரவரிசையில் தரும் பட்டியல், இருக்கிறதா? வருஷவாரிப் புத்தகத்தில் அது இல்லையென்றால், வருஷம் தெரிந்தவன் மட்டும்தான் படத்தைக் கண்டுபிடிக்க முடியும். வருஷம் தெரிந்திருந்தால் அவன் ஏன் புத்தகத்தைத் திறக்கிறான்? ஒரு பதிப்பாளரிடம் இதைக் கேட்டேன். இருபது பக்கம் கூடும், காகித விலை கட்டுப்படியாகாது என்றார். உ.வே.சா. பதிப்பித்த நூல்களின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள், அரும்பத அகராதி, அதாவது கடினமான சொற்களின் அகரவரிசைப் பட்டியல், இருக்கும். கம்ப்யூட்டர் கிடையாது. ஏட்டுச்சுவடியைத் தேடி ஊர் ஊராக அலைந்து, பாடம் ஒப்பிட்டு, அதற்குப் பிறகு இதையும் செய்தார் அந்த மனிதர். இன்றைக்கு ஒரு நாள் வேலை. நூலகத்தில் வைக்கவேண்டிய எத்தனையோ தமிழ்ப் புத்தகங்கள் இந்த ஒரு நாள் வேலை நடக்காததால் யாருக்கும் உதவாமல் கிடக்கின்றன. எனக்கு இதில் கோபம் குறைவதாக இல்லை.

உங்கள் புத்தகத்தில் பெயரடைவு இருந்தால் தண்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இல்லையென்றாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லிப் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். முகவரியை எனக்கும் அனுப்புங்கள், நானும் எழுதுகிறேன்.