பதிவு எண் கேட்டால் என்ன சொல்வது?

6 மாத ஆன்லைன் டிப்ளோமாவோடு வெள்ளவத்தையில் கலைச் சிகிச்சை (ஓவியம் போன்ற கலைகள் வழியாக மனநலச் சிகிச்சை, 'ஆர்ட் தெரபி') வேலை கேட்டுப் போனதாகவும், "பதிவு எண் இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மனம் நொந்துபோகாதீர்கள் தங்கச்சி. ஆனால் அவர்கள் கேட்டது சரியான கேள்விதான்.

பிசியோதெரபிஸ்ட்மாரை இலங்கை மருத்துவச் சபை பதிவுசெய்கிறது. கலைச் சிகிச்சைக்கு அப்படியொரு தனிப் பதிவேடு இங்கே இல்லை. பிரித்தானியாவில் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்ற பெயருக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. அதற்கு அங்கீகரித்த முதுகலைப் படிப்பு, மேற்பார்வையோடு களப்பயிற்சி, அதன்பிறகு எச்.சி.பி.சி. எனப்படும் சுகாதார, பராமரிப்புத் தொழில்களுக்கான சபையில் பதிவு வேண்டும். பதியாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம்.

நான் தெஹிவளையில் உளவளத்துணை செய்கிறேன். தொடக்கத்தில் ஒரு பையன் வீடு கீறி, கதவைக் கறுப்பு மெழுகுக்கலரால் கலர் முறியும்வரை அழுத்தி அடித்தான். "உள்ளே யார்?" என்று அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேன். மூன்று கிழமை அவன் தாளையே தொடவில்லை. மேற்பார்வையாளர் சொல்லித்தான் என் பிழை விளங்கியது. பதிவு எண் கேட்டவர்களும், அப்படித் திருத்த ஒருவர் பக்கத்தில் இருக்கப் பழகியவரா நீங்கள் என்றுதான் பார்க்கிறார்கள்.

இப்போதைக்குப் பெயரோடு 'தெரபிஸ்ட்' போடாதீர்கள். ஒரு மருத்துவ உளவியலாளரின் கீழ் ஓவியச் செயற்பாடுகள் நடத்தக் கேளுங்கள். செய்த மணித்தியாலங்களை அவருடைய கையொப்பத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கொப்பி கைகொடுக்கும்.